கடலில் உப்பு ஜாஸ்தி

கடற்கரை அனல்மின் நிலையம் ஒன்றுக்குப் பித்தளைக் குழாய் விற்றவர் ஆளவந்தார். நீராவியைக் குளிரவைக்க அந்தக் குழாய்களுக்குள் கடல் தண்ணீர் ஓடும். "என் குழாயைக் கடல் அரிக்கவே அரிக்காது" என்று மார்தட்டித்தான் விற்றார். வருஷம் திரும்புவதற்குள் குழாயெல்லாம் பொத்தல்.

தலைமைப் பொறியாளர் கூப்பிட்டுக் கேட்டார். ஆளவந்தார் அசரவில்லை.

"குழாய் சொக்கத்தங்கம் சார். உங்க கடல்லதான் உப்பு ஜாஸ்தி. தண்ணி இறைக்கிறவங்க பார்த்து இறைக்க வேண்டாமா?"

பொறியாளரும் அதை நம்பிவிட்டார். பழி, பம்பு ஓட்டும் சகாயராணியின் தலையில் விழுந்தது.

"நாளையிலிருந்து உப்புக் கம்மியான கடல் தண்ணியா இறைக்கணும். இல்லேன்னா வேலையை விட்டு நின்னுக்கோ."

"சரிங்க சார்" என்றாள் அவள், முகம் மாறாமல்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஆளவந்தாரின் கார் தூரத்தில் நின்றது. சகாயராணி ஓடிப்போய் பம்பு அறையிலிருந்து ஒரு பழைய குடையைக் கொண்டுவந்து பணிவாக நீட்டினாள். மிடுக்காக அதை விரித்துக்கொண்டு இறங்கியவர், பாதி வழியில் தொப்பலாக நனைந்து திரும்பி ஓடிவந்தார்.

"ஏம்மா, இது குடையா, சல்லடையா?"

"குடை சொக்கத்தங்கம் சார். எங்க ஊர் மழையிலதான் ஈரம் ஜாஸ்தி. நீங்க பார்த்து நனைய வேண்டாமா?"

பொறியாளர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு துண்டை எடுத்து ஆளவந்தாரிடம் கொடுத்தார்.

"துவட்டிக்கோங்க. மழையையும் கடலையும் எங்களால மாத்த முடியாது. நீங்க குழாயை மாத்திக் குடுத்திருங்க."

பிறகு சகாயராணி பக்கம் திரும்பினார்.

"நீ போய்ப் பம்பைப் போடும்மா. தண்ணி உப்போடவே வரட்டும்."