லூச்சியாம்மா சொன்ன ஒரே வார்த்த

நம்ம வாயில இத்தாலி பேச்சு நுழையாதுன்னு யாருட்டி உனக்குச் சொன்னா? நுழையும். அந்தத் தோசைய பிச்சிக்கிட்டே கேளு. வேண்டாமா? சரி, கதையாவது கேளு.

ஒரு கடக்கரை ஊர்ல பிரகாசின்னு ஒருத்தி இருந்தா. ரெண்டு பிள்ளையள ஆத்தாகிட்ட விட்டுட்டு, விர்ர்ருன்னு பிளேன்ல இத்தாலிக்குப் போனா, ஒரு வயசான அம்மாவப் பாத்துக்கிட. அந்தம்மா பேரு நம்ம லூசியாதான், அங்க லூச்சியாம்பாவ. மகன் ஜொவான்னி. இங்கிலீசுல ஜான், நமக்கு அருளப்பன். சூசை அங்க போனா ஜுசெப்பே. உங்க தாத்தாவும் ஒரு ஜுசெப்பேதான். அவரு ஒருநா கப்பல்காரனுக்கு நண்டு விக்கப் போயி, நண்டு இவரு விரலப் புடிச்சி… அது கிடக்கட்டும். ம் கொட்டு.

"ம்."

புருசன் செத்ததுலேருந்து லூச்சியாம்மா சரியாவே சாப்பிடல. ஜொவான்னி சொல்லிட்டான்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள அம்மா சாப்பிடலன்னா முதியோர் இல்லந்தான். நீ ஊருக்குக் கெளம்பு."

அப்போ பிரகாசி வார்த்த படிக்க ஆரம்பிச்சா. என்னா அழகான பேச்சு, ஒவ்வொண்ணும் வாயத் தொறந்தே முடியும். ரொட்டி பானே. உப்பு சாலே. மீனு பெஷ்ஷே, ஷ்-ஷேன்னு அழுத்தணும். காப்பிக்கடையில லாட்டேங்காவல்லா, அது லாத்தே, வெறும் பாலு.

வியாழக்கிழம பானே வச்சா. பக்கத்துல கரண்டியோட நின்னு, "மாஞ்ஜி"ன்னா, சாப்பிடுங்கன்னு மரியாதையா. அந்தம்மா "இன்சியேமே"ன்னு சொல்லி சர்ர்ருன்னு தட்டத் தள்ளிட்டா. இது என்னமோ தொட்டுக்கிடுததுன்னு நெனச்சி, "சாலே?"ன்னு உப்ப நீட்டுனா பிரகாசி. அந்தம்மா வேண்டாம்னு தலையாட்டிட்டா.

அப்புறம் வெள்ளிக்கிழம பெஷ்ஷே. "மாஞ்ஜி." "இன்சியேமே." சர்ர்ர்.

அப்புறம் சனிக்கிழம லாத்தே. அதுவும் சர்ர்ர். தூங்கிட்டியா?

"ம்கூம்."

அப்போ பிரகாசி தடதடன்னு படியெறங்கி ரொட்டிக்கடைக்காரிகிட்ட ஓடுனா. "இன்சியேமேன்னா என்னக்கா?" அவளுக்குத் தமிழ் தெரியுமா? ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டா, இவள உக்கார வச்சா, தானும் ஒட்டி உக்காந்து ஒரே ரொட்டிய ரெண்டாப் பிச்சா. ஆளுக்குப் பாதி.

பிரகாசிக்கு அழுகையா வந்துட்டு. நம்மூர்ல பரிமாறுதவ நின்னுக்கிட்டே இருப்பா, எல்லாருக்கும் பொறவுதான் சாப்பிடுவா. அதத்தான் அவ மரியாதைன்னு நெனச்சா. அந்தம்மாவோ மூணு நாளா சேந்து சாப்பிடக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கா.

ஞாயித்துக்கிழம டங், டங்குன்னு ரெண்டு தட்டு வச்சா. எதுத்தாப்புல உக்காந்தா. "இன்சியேமே"ன்னா. லூச்சியாம்மா அவளையே பாத்தா. அப்புறம் ரொட்டிய எடுத்தா. மொறுக்கு மொறுக்கு. ஜொவான்னி வாசல்லயே நின்னுட்டான். ஊருக்குப் போகக் கட்டி வச்சிருந்த பிரகாசி பெட்டிய எடுத்து பரண்ல போடச் சொன்னான்.

கத கரையேறிட்டு. சாப்பிட்டுக் கண்ண மூடு. என்ன, இன்னும் தோசைய தொடலியா? உன்னைய மட்டும் திங்கச் சொல்லிட்டு நான் கதை பேசிக்கிட்டு இருக்கேன் பாரு. இரு, உங்கம்மாவக் கூப்பிடுதேன்.

ஏ மெர்சிலின், என் தட்டையும் இங்கயே கொண்டாம்மா.