கஸ்பாருக்கு நூறு தாண்டக் கூடாது

கஸ்பாரின் தோணியில் மொத்தம் மூன்று பேர். தோணி கிளம்புமுன் சுங்க அதிகாரிகள் வந்து வெங்காய மூட்டை, கூரை ஓட்டுக் கட்டு எல்லாவற்றையும் எண்ணுவார்கள். மூளை ஏற்றியிருக்கிறதா என்று மட்டும் எவரும் கேட்டதில்லை.

கஸ்பார்தான் தண்டல், அதாவது சுக்கான் பிடித்துத் தோணியை ஓட்டுகிறவர். சந்தியாகும் சிலுவையும் மற்ற வேலைகளுக்கு. இருவரும் தண்டல்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். வேறு எதையும் எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒருநாள் காலையில், தூத்துக்குடியில் தோணி கிளம்புகிற நேரம், டாக்டர் தமயந்தி என்பவர் வந்தார். கப்பல் ஓட்டுகிறவர்களின் மனசு எவ்வளவு பாடுபடுகிறது என்பதை நாடித்துடிப்பை வைத்து அளக்கிற ஆராய்ச்சி அவருடையது. கஸ்பாரின் மணிக்கட்டில் வாட்ச் மாதிரி ஒரு பட்டையைக் கட்டினார். அதில் எழுபத்தெட்டு என்று எரிந்தது.

"நூறைத் தாண்டினா அவர் பதற்றமா இருக்கார்னு அர்த்தம்," என்றார் டாக்டர். "எது பதற வைக்குதோ, அதை அவர் கண்ணுல படாம விலக்கிடுங்க."

பக்கத்தில் நின்ற தோணி முதலாளி சும்மா இருந்திருக்கலாம். "மூணு தடவை நூறைத் தாண்டிட்டா கஸ்பாரு இனிமே கடலுக்குப் போக வேண்டாம். உப்புக் கிட்டங்கிக்குக் காவல் இருக்கட்டும்," என்று ஒரு போடு போட்டார்.

கஸ்பார் சுக்கானை இறுகப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாகச் சுக்கான் பிடித்த கை. தரையில் நாலு நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் அவருக்குத் தலை சுற்றும். உப்பு மூட்டை அடைத்த கிட்டங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தார், அழுகையே வந்துவிட்டது.

துறைமுகத்தைத் தாண்டியதும் பட்டையைப் பார்த்தார். எண்பத்து நாலு. ஏன் கூடியது என்று பயந்தார். தொண்ணூற்றிரண்டு. பயந்தால் கூடுமே என்று பயந்தார். நூற்றி ஒன்று.

"ஒண்ணு போச்சு!" என்றான் சந்தியாகு. "எதைப் பாத்துப் பதறினீக, அண்ணாச்சி?"

"இந்த நம்பரைப் பாத்துதாம்ல."

உடனே சந்தியாகு பட்டையைத் திருப்பி, எண் கீழ்ப்பக்கம் தெரியும்படி கட்டினான். அதைப் படிக்க ஆள் வேண்டுமே? சிலுவை தண்டலின் கைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் எதிரே ஒரு பெரிய சரக்குக் கப்பல் வந்தது. சங்கும் ஊதியது. "நூத்திப் பதிமூணு!" என்று கீழேயிருந்து அலறினான் சிலுவை.

ரெண்டு போச்சு. கப்பலைக் கண்ணில் படாமல் விலக்க வேண்டும் அல்லவா? சந்தியாகு தோணியின் முன்பக்கமான அணியத்துக்கு ஓடிப்போய், "சூ! சூ!" என்று கைதட்டி விரட்டிப் பார்த்தான். அது தன் பாட்டுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு மூவரும் கூடி யோசித்தார்கள்.

"பயமெல்லாம் எந்தப் பக்கமிருந்து வருது?" என்று கேட்டான் சந்தியாகு.

"முன்னாலருந்து," என்றான் சிலுவை.

"பின்னாலருந்து வந்திருக்கா?"

கஸ்பார் நன்றாக யோசித்துச் சொன்னார்: "பின்னால இருக்கதெல்லாம் நாம தாண்டி வந்ததுல்லா? அதுக்கு என்னத்துக்குப் பயப்படணும்?"

முடிவாயிற்று. கஸ்பார் திரும்பி நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கொடுத்துச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கடந்து வந்த தண்ணீரைப் பார்த்தபடியே தோணியை ஓட்டினார். எண் எழுபத்து நாலுக்கு இறங்கியது. இத்தனை வருஷம் இது தோன்றவில்லையே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

மத்தியானம் எதிரே ஒரு மணல் திட்டு தெரிந்தது. சிலுவை சந்தியாகுவின் காதில் கிசுகிசுத்தான். "திட்டு வருதுல. அண்ணாச்சிட்ட சொல்லுவமா?"

"சொன்னா நூறைத் தாண்டிரும். மூணாவது தடவை. பொறவு கிட்டங்கிதான்."

"சொல்லாட்டா தோணி திட்டு மேல ஏறிருமே?"

"தோணிக்கு யாரும் பட்டை கட்டலையே."

சிலுவைக்கு அது நியாயமாகப் பட்டது. தோணி மணலில் சரக்கென்று ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"ஏம்ல நின்னுட்டு?" என்றார் கஸ்பார்.

"களைச்சிருக்கும், அண்ணாச்சி."

எழுபத்தொன்று.

அக்கம்பக்கத்து மீனவர்கள் சொல்லி முதலாளிக்குச் செய்தி போயிற்று. டாக்டரையும் ஏற்றிக்கொண்டு, தன் விசைப்படகைத் தானே ஓட்டி வந்தார். படகைத் தோணியோடு கட்டிவிட்டு இருவரும் மணலில் குதித்தார்கள். டாக்டர் முதலில் பட்டையைத்தான் பார்த்தார். அறுபத்தொன்பது. பட்டை பழுதாகிவிட்டதோ என்று கழற்றி முதலாளி கையில் கட்டிப் பார்த்தார். நூற்றி ஐம்பத்தெட்டு.

"ரெண்டு தடவைதான் தாண்டியிருக்கு, முதலாளி," என்றார் கஸ்பார். "சுக்கான் எனக்குத்தானே?"

முதலாளி வாயைத் திறந்தார். மூச்சுதான் வாங்கியது. நூற்றி எழுபது.

"ஐயோ, எகிறுதே!" என்று பதறினான் சந்தியாகு. "எதைப் பாத்து இப்படிப் பதறுதாரு?"

சிலுவை முதலாளியின் பார்வை போகிற பக்கத்தை உற்றுப் பார்த்தான். "தோணியைத்தான். நம்மளையுந்தான்."

"அப்ப, கண்ணுல படாம விலக்கிர வேண்டியதுதான்."

அதற்குள் கடல் நீர்மட்டம் ஏறித் தோணி தானாகவே நிமிர்ந்திருந்தது. (அந்தத் திட்டின் மேடு எந்தக் காலத்திலும் முழுகாது, படிப்பவர்கள் பதற வேண்டாம்.) முதலாளி மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மூவரும் ஏறிக் கிளம்பிவிட்டார்கள். கயிற்றில் கட்டியிருந்த விசைப்படகும் சமர்த்தாகப் பின்னாலேயே வந்தது.

கஸ்பார் பின்பக்கம் பார்த்தபடியே ஓட்டினார். திட்டில் முதலாளி துள்ளித் துள்ளி இரண்டு கைகளையும் ஆட்டினார். டாக்டரம்மாவும் துப்பட்டாவைக் கழற்றி வீசி வீசி ஆட்டினார். கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாளாவது கையாட்டி வழியனுப்பியிருக்காரா மனுசன்?" என்றார். "நாம விலகினதும் எப்படி மனசு லேசாயிட்டு, பாத்தியால!"