வராத நைட்ரஜன்

"கணக்கு உதைக்குது மேடம்" என்று சொல்லிக்கொண்டே இசக்கியப்பன் அறைக்குள் வந்தார். மாலை நாலு மணி.

நைட்ரிக் அமிலம் தயாரிக்கும் அந்த ஆலையில் ஷிப்டுக்குப் பொறுப்பு ரெஜினா. வயது முப்பத்திரண்டு. அவரிடம் பாடம் கேட்கும் இசக்கியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

வேறொரு உர ஆலையில் தலை நரைத்தவர், சின்னப் பெண்ணிடம் கை கட்டி நிற்கிறோமே என்று அவருக்கு உள்ளூர எரிச்சல்தான். இந்தக் கணக்கை நேராக்கிவிட்டால் ஷிப்டு தன் கைக்கு வந்துவிடும் என்று நம்பினார்.

கரும்பலகையில் ஆலையைச் சுற்றி ரெஜினா கணக்குக்காகப் போட்ட கட்டம் இருந்தது. ஒரு பக்கம் அம்மோனியா உள்ளே போகிறது. காற்றோடு கலந்து பிளாட்டினம் வலையில் எரிந்து, பழுப்புப் புகையாகிக் கோபுரத்துக்குள் ஏறுகிறது. தண்ணீரில் கரைந்தது மறுபக்கம் அமிலமாக வருகிறது. கரையாத மிச்சம் புகைபோக்கியில் போகிறது.

அம்மோனியாவோடு போன நைட்ரஜன் எப்படியாவது வெளியே வந்தாக வேண்டும். கொஞ்சம் வரவில்லை.

"கசிவு இருக்கா அண்ணாச்சி?"

"காலையில கோபுரத்தடியில ஒவ்வொரு இணைப்பா மூக்கை வச்சுப் பாத்துட்டேன். ஒரு இடத்துல மட்டும் சுருக்குன்னுச்சு. விடாம அங்கயே நின்னேன். கொஞ்ச நேரத்துல வாடையே இல்ல. அப்ப கசிவு இல்லன்னுதானே அர்த்தம்?"

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

"முகமூடி?"

"அதைப் போட்டா வாடை எப்படித் தெரியும் மேடம்?"

ரெஜினா கரும்பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய நரைத்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ நுரை ஒட்டியிருக்கிறதாக்கும் என்று இசக்கியப்பன் துடைத்துக்கொண்டார். மீசையில் படிந்திருந்த மஞ்சள் போகவில்லை.

"இருமல் வந்துச்சா?"

"மத்தியானம் லேசா. இப்ப ஒண்ணுமில்ல. நான் கணக்கைக் கேட்டேன் மேடம்."

ரெஜினா தொலைபேசியை எடுத்து, அந்தப் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ஜன்னலைத் திறந்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. அசையாதீங்க. பேசவும் வேண்டாம்."

இது என்ன சாமியார் வேலை என்று இசக்கியப்பனுக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் உட்கார்ந்தார்.

கம்பிரசர் நின்றது.

அவர் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓயாமல் கேட்ட இரைச்சல் அது. அது போனதும் சுவர், மேசை, மின்விசிறி எல்லாம் விலகிப்போய் நிற்பதுபோல் இருந்தது.

"ஆலை நின்னுருச்சு மேடம்!"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. மிக மெல்லிய சத்தம். அடுத்த வீட்டில் உலை கொதிப்பதுபோல.

இசக்கியப்பனின் முகம் மலர்ந்தது. "கேக்குதா மேடம்? கசிவுதான். பக்கத்துலதான் எங்கயோ."

ரெஜினாவின் கண் கலங்கியிருந்தது. சாக்குக்கட்டியை எடுத்துக் குனிந்து, அவர் நாற்காலியைச் சுற்றித் தரையில் ஒரு கட்டம் போட்டார்.

"கட்டம் இதுதான் அண்ணாச்சி."

தூரத்தில், ஆலை வாசல் பக்கம், ஆம்புலன்ஸ் ஊதியது.

இசக்கியப்பனுக்கு எதுவும் விளங்கவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். காதைக் கூர்மையாக்கி, மூச்சை அடக்கினார்.

சத்தம் நின்றுவிட்டது.

மூச்சை விட்டார். உலை கொதித்தது.

"மேடம்..."

"பேசாதீங்க. வந்துட்டாங்க."

இசக்கியப்பன் மறுபடியும் மூச்சை அடக்கிக்கொண்டார்.