சைவப் பூனை

“அம்மா, பட்டு செவுத்துல முட்டிக்குது.”

சொன்னவர் சிவக்கொழுந்து. மடத்திலேயே தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வயது அறுபத்து மூன்று. பட்டு அவர் வளர்த்த பூனை. கேட்டுக்கொண்டிருந்தவர் மடத்தின் குரு வடிவம்மை. அவருக்கு நாற்பத்தைந்து.

“என்ன போடுறீங்க ஐயா?”

“பால் சோறு. பருப்புச் சாதம். குட்டியா வந்ததுலேருந்து அதுதான். எலி பிடிச்சிடக் கூடாதுன்னு அறையை விட்டே விடுறதில்ல.” குரல் சற்று நிமிர்ந்தது. “நம்ம மடத்துல பூனைகூட சைவம்மா.”

“அதுவா சொல்லிச்சு?”



மாலையில் கால்நடை மருத்துவர் பிலோமினா வந்தார். பூனையின் கண்ணில் டார்ச் அடித்தார். வெளிச்சத்துக்குக் கண்மணி சரியாகச் சுருங்கவில்லை.

“டாரின்னு ஒரு அமினோ அமிலம் சார். நம்ம உடம்பு அதைத் தானா தயாரிச்சுக்கும். பூனையால முடியாது. கறி, மீன்லேருந்துதான் வரணும்.”

“பால்ல இல்லையா?”

“பத்தாது.”

“பருப்புல?”

“கிடையாது. போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம். விட்டா இதயமும் போயிடும்.”

“மாத்திரை?”

“எழுதித் தரேன். வெளியூர்லேருந்து வரப் பத்து நாள் ஆகும். இன்னிக்கே மீன் குடுங்க.”

மருத்துவர் போய்விட்டார்.

“மடம் ஆரம்பிச்ச நாள்லேருந்து மாமிசம் உள்ள வந்ததில்லையேம்மா” என்றார் சிவக்கொழுந்து. “நான் என்ன செய்யட்டும்?”

வடிவம்மை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் பூனை இருமுறை தூணில் மோதியது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது.

வரும்போது அவர் கையில் வாழை இலைப் பொட்டலம். வாடை முன்னால் வந்தது. முற்றத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள்.

கிணற்றடியில் உட்கார்ந்து மத்தி மீனை அரிந்தார். பழக்கமில்லாத கை. கத்தி விரலில் பட்டது. ரத்தத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு முள்ளை எடுத்தார்.

“அம்மா, பொறந்ததுலேருந்து நீங்க தொட்டதில்ல!” என்றார் சிவக்கொழுந்து.

“இப்பத் தொட்டாச்சு.”

“இந்தப் பாவம் யாரைச் சேரும்?”

வாடை பிடித்துப் பூனை வந்துவிட்டது. மீன் இருக்கும் இடம் தெரியாமல் சிவக்கொழுந்தின் காலைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தது.

வடிவம்மை ஒரு துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“கீழ நீட்டுங்க ஐயா. உங்க கையைத்தான் தேடுது.”