முதல் தாம்பூலம் யாருக்கு?

முன்னொரு காலத்தில் வேங்கைமலை நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான், என்ன, காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. தினமும் சபை கூடியதும் தன் கையாலேயே வெற்றிலை மடித்து, முதல் தாம்பூலத்தை அமைச்சர் அம்பலவாணரிடம் கொடுப்பான்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் கோட்டைக் காவல் தளபதி வீரகேசரிக்கு வயிறு பற்றி எரியும். 'வாளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் காய்கிறவன் நான். வெற்றிலை மட்டும் அந்தக் கிழவனுக்கா?' இதையே நினைத்து நினைத்துச் சோறுகூட இறங்கவில்லை.

அந்த நாட்டில் ஒவ்வோர் ஊருக்கும் ஊராரே அமர்த்திய காவல்காரன் உண்டு. களவு போனால் திருடனின் காலடித் தடத்தைப் பிடித்துப் போவான். தடம் ஊர் எல்லையைத் தாண்டினால் அடுத்த ஊர்க் காவல்காரனைக் கூப்பிட்டு, "இந்தா தடம், இனி உன் பாடு" என்று ஒப்படைப்பான். எந்த ஊரில் தடம் மறைகிறதோ, அந்த ஊர்க் காவல்காரன் களவுக்கு ஈடு கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அம்பலவாணர். வீரகேசரிக்கு அது போதாதா?

"மகாராஜா! ஊருக்கு ஒரு காவல்காரன், ஊருக்கு ஒரு அதிகாரமா? எல்லாரையும் நீக்கிவிட்டு நாடு முழுவதையும் என் கையில் கொடுங்கள். ஒரு கோழிகூடக் காணாமல் போகாது" என்றான்.

புது யோசனை என்றால் ராஜாவுக்குக் கொள்ளை ஆசை. "பலே! சொன்னபடி செய்து காட்டினால் அமைச்சர் பதவியே உனக்கு. அம்பலவாணரே, என்ன சொல்கிறீர்?"

பதவி பறிபோகிற பேச்சு. ஆனாலும் கிழவர் முகம் மாறவில்லை. "அப்படியே ஆகட்டும், பிரபு. ஈடு கொடுக்கும் வழக்கம் மட்டும் இருக்கட்டும்."

"இருந்துவிட்டுப் போகட்டும்!" என்று மீசையை முறுக்கினான் வீரகேசரி.

கோட்டை வீரர்கள் ஊர்களுக்குப் போனார்கள். யார் எவர் என்று அவர்களுக்குத் தெரியுமா? ஆவாரங்குளத்தில், விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளையைத் திருடன் என்று கட்டிப்போட்டார்கள். நிஜத் திருடன் அந்த ஊர் மூக்காயி என்பவளின் மாட்டை ஓட்டிக்கொண்டு வர, வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

மூக்காயி அழுதுகொண்டே தளபதி வீட்டுக்கு வந்தாள். "மாடு போச்சு சாமி, ஈடு குடுங்க."

"தடம் எல்லை தாண்டியிருக்கும். அடுத்த ஊரில் போய்க் கேள்!"

"அடுத்த ஊருக்கும் நீங்கதானே காவலு?"

"அதற்கும் அடுத்த ஊரில்..."

"அதுக்கும் நீங்கதானாமே!"

வேறு வழியில்லாமல் தன் பசுவை அவிழ்த்துக் கொடுத்தான். மறுநாள் ஆட்டைத் தொலைத்தவர்கள், அண்டாவைத் தொலைத்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். எந்த ஊர்த் தடமும் அவன் வாசலில் வந்து நின்றது. "இருந்த அண்டாவையும் கொடுத்துட்டீங்க. இனி என் தலையிலயா சோறு வடிக்க?" என்று அவன் மனைவி சத்தம் போட்டாள்.

கடைசியில் ஒருநாள் சபைக்கு வியர்க்க விறுவிறுக்க நடந்தே வந்தான்.

"குதிரை எங்கே, தளபதி?" என்றான் ராஜா.

"யாரோ ஒருவரின் கழுதைக்கு ஈடாகப் பொதி சுமக்கிறது, பிரபு."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வீரகேசரி அவன் காலில் விழுந்தான். "பொறாமையில் கேட்டுவிட்டேன். ஊர்க்காவலை ஊருக்கே கொடுத்துவிடுங்கள்!"

"பெருவழிகளும் கொள்ளைக் கூட்டங்களும் தளபதி பொறுப்பிலேயே இருக்கட்டும், ஊர்க்காவலரால் அவற்றைச் சமாளிக்க முடியாது. ஊரை ஊர் பார்த்துக்கொள்ளும்" என்றார் அம்பலவாணர்.

"அமைச்சர் என்றால் நீர்தான்!" என்று ராஜா வெற்றிலையை மடித்தான்.

அந்த நேரம் பார்த்து, ஆவாரங்குளத்துப் பழைய காவல்காரன் சோணையன் ஒரு பசுவோடு வந்து நின்றான். "வேலை போனாலும் கை சும்மா இருக்கல, மகாராசா. தடம் பிடிச்சுப் போய் மூக்காயி மாட்டை மீட்டுட்டேன். தளபதி ஐயா ஈடா குடுத்த இந்தப் பசுவைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி அதுதான் அனுப்புச்சு."

ராஜா துள்ளி எழுந்து, முதல் தாம்பூலத்தைச் சோணையன் கையில் வைத்தான்.

வழக்கம்போல் நீண்ட அமைச்சரின் கை அந்தரத்தில் நின்றது. அவர் அதை மெல்ல மடக்கிக்கொண்டார். முகம் சிறுத்துப் போயிற்று.

வீரகேசரி அவர் பக்கத்தில் நகர்ந்து வந்து காதோரம் சொன்னான்: "எனக்கு இத்தனை வருஷமும் இப்படித்தான் இருந்தது, ஐயா."