மேதை வகுப்புக்குத் தெரியாதது

எஸ்தர் டீச்சருக்கு அந்த வருஷம் 'மேதை வகுப்பு' கிடைத்திருந்தது. தாளாளர் தங்கப்பழம் தாமே பரீட்சை வைத்து, பிறவி மேதைகள் என்று கொஞ்சம் பிள்ளைகளைப் பொறுக்கி உண்டாக்கிய வகுப்பு அது. மைக்ராஸ்கோப் அவர்களுக்கு மட்டும்தான்.

ஒருநாள் தாளாளர் உள்ளே நுழைந்தபோது, பக்கத்து வகுப்புச் சிறுமி ஒருத்தி மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மேதைகள் படிக்கிற இடம். இவங்களுக்குத் தெரியாத ஒண்ணு உனக்குத் தெரியுமா? சொல்லிட்டா தினமும் வந்து பாரு. இல்லேன்னா இந்தப் பக்கமே வரக்கூடாது" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். சிறுமி கொஞ்சம் யோசித்தாள்.

"என் பேரு சார்."

சிரிப்பு நின்றது. தினமும் அவளோடு ஒரே வேனில் வருகிற பிள்ளைகள்தான். ஒருத்தருக்கும் அவள் பேர் தெரியவில்லை.

"நீங்க சொல்லுங்க டீச்சர்" என்று தாளாளர் திரும்பினார்.

எஸ்தருக்கு முகம் சுண்டிப்போனது. போன வருஷம் முழுக்கத் தன்னிடம் படித்த பெண். 'ஏய், கடைசி பெஞ்சு' என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தாள். குனிந்து, "உன் பேர் என்னம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இப்ப சொன்னா இவங்களுக்கும் தெரிஞ்சிடும் டீச்சர். நான் தோத்துடுவேன்."

தாளாளர் மைக்ராஸ்கோப்பைக் காட்டி வழிவிட்டார். எஸ்தர் அந்தச் சிறுமிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.