முப்பத்தொருவர்

தனுஷ்கோடிக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்தார். அவருடைய நெறியாளர் பொற்கொடிக்கு நாற்பத்தொன்று. இருவரில் யார் மாணவர் என்பதில் பல்கலைக்கழகக் காவலாளி கடைசிவரை ஏமாந்துகொண்டே இருந்தார். தனுஷ்கோடிக்குத்தான் சல்யூட் வைப்பார்.

கடலோர ஊர்களில் நடந்த தோணி விபத்துகள் பற்றிய ஆய்வு அது. ஐந்து வருட உழைப்பு. திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். வியாழக்கிழமை பொற்கொடி ஒரே ஒரு பக்கத்தில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பதினாறு வருடத்துக்கு முன் நடந்த சங்குமேடு விபத்தில் இறந்தவர்கள் முப்பத்தொருவர் என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. அடிக்குறிப்பில் இணையக் கலைக்களஞ்சியம்.

தனுஷ்கோடிக்குச் சுருக்கென்றது.

"உலகமே அதைத்தான் படிக்குது மேடம். தப்பு இருந்தா இதுக்குள்ள யாராவது திருத்தியிருக்க மாட்டாங்களா? அதை ஏன் நான் சான்றாக் காட்டக் கூடாது?"

பொற்கொடி அந்த அடிக்குறிப்பில் விரலை வைத்தார்.

"அவங்க யாரைச் சான்றாக் காட்டியிருக்காங்கன்னு பாருங்க சார்," என்றார்.

பார்த்தார். ஒரு நாளிதழில் வந்த பத்தாம் ஆண்டு நினைவுக் கட்டுரை. எழுதிய நிருபரைத் தேடிப்பிடித்துப் போனில் கேட்டார். நிருபர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். அவசரத்துக்கு நெட்டில் இருந்துதான் எடுத்தேன், அதே கலைக்களஞ்சியம்தான் என்று சொல்லிவிட்டார். தனுஷ்கோடி திரும்பி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சனிக்கிழமை ஸ்கூல் லீவுதானே? சங்குமேட்டுக்குப் போயிட்டு வருவோம்," என்றார் பொற்கொடி.

சங்குமேட்டில் படகுத்துறைக்குப் பக்கத்தில் நினைவுக்கல் இருந்தது. கறுப்பு கிரானைட்டில் வரிசையாகப் பெயர்கள். தனுஷ்கோடி ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினார். முப்பத்தொன்று. போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது அவருக்கு. மறுபடியும் எண்ணினார்.

"சரியாத்தானே மேடம் இருக்கு?"

கல்லின் நிழலில் ஒருவர் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். இருதயம் என்று பெயர். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஒண்ணு கொறையுது."

விடுபட்டது அவருடைய மனைவி பிலோமியின் பெயர். திருவிழாவுக்குப் போன அந்தத் தோணியில் அவளும் ஏறியிருந்தாள். முப்பத்தொரு பேரின் உடல்கள் கரைக்கு வந்து சேர்ந்தன. அவள் உடல் வரவே இல்லை. இருதயம் பதினொரு நாள் கடலில் தேடினார்.

பத்தாம் வருடம் அரசாங்கத்தில் கல் வைக்க வந்தார்கள். ஊர்க்காரர்கள் முப்பத்திரண்டு பெயர் எழுதிக் கொடுத்தார்கள். வந்த அதிகாரி போனைத் திறந்து பார்த்துவிட்டு, நெட்டில் முப்பத்தொன்றுதானே இருக்கிறது, ஒன்று கூடினால் நாளைக்கு என்னைத்தான் கேட்பார்கள், எதை எடுப்பது என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். கோவிலில் கூட்டம் போட்டார்கள். உடல் கிடைக்காதவள் பெயரை எடுப்பதுதான் எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. மற்ற பெயர்களில் பாதி சின்னப் பிள்ளைகளுடையது. தானும் சரி என்றுதான் சொன்னதாக இருதயம் சொன்னார். வேறு என்னதான் சொல்லியிருப்பார், பாவம்.

கல்லறைத் திருநாள் அன்று எல்லோரும் வந்து அவரவர் ஆளின் பெயருக்கு நேராக மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்களாம். இருதயமும் ஏற்றுவார். எங்கே வைப்பது என்று தெரியாமல், அது கரைந்து முடிகிறவரை கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பாராம்.

 திங்கட்கிழமை தனுஷ்கோடியும் அதே முப்பத்தொன்றை அச்சடித்து, பைண்டிங் போட்டுக் கொடுத்திருப்பார்.

"நெட்டுல அத மொதமொதல்ல யாரு சார் எழுதுனது?" என்று இருதயம் அவரைத்தான் கேட்டார்.

பொற்கொடி முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் அண்ணே. அப்ப படிச்சுக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய், சவக்கிடங்குல கிடந்தவங்களை எண்ணினேன். முப்பத்தொண்ணு இருந்துச்சு. அன்னைக்கே ஏத்திட்டேன். இந்த ஊருக்கு வந்து ஒருத்தரையும் கேக்கலை."

வலை ஊசி நின்றது. இருதயம் அவரையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று தனுஷ்கோடி நினைத்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"போகட்டும் டீச்சர்," என்றார் இருதயம். "எழுதுனவுங்க நீங்கதான? நீங்களே முப்பத்திரண்டுன்னு மாத்திருங்க. அதக் காட்டி நாங்க கல்ல மாத்திக்கிறோம்."

பொற்கொடி அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"விஷயம் தெரிஞ்சதும் மாத்தினேன் அண்ணே. ஆறு தடவை மாத்தினேன். முதல்ல எழுதினப்ப என்கிட்ட யாரும் ஆதாரம் கேக்கலை. இப்ப அங்க எழுதுற மத்தவங்க கேக்குறாங்க. ஆறு தடவையும் பழையபடி முப்பத்தொண்ணுன்னே ஆக்கிட்டாங்க. ஊர்க்காரங்களே பேர் குடுத்து வச்ச கல்லுல அவ்வளவுதான் இருக்காம்."